ஆறில் ஒரு பங்கு வி-2, எம் மோட்டார்: எடை, உடம்பு, பாராசூட் சந்தேகங்கள்

தெற்குவாசல்:

எல்லாருக்கும் வணக்கம். இடம் டெக்சாஸ், கையில் ட்ரிப்போலி (அமெரிக்கப் பொழுதுபோக்கு ராக்கெட் சங்கம்) கொடுத்த லெவல் 2 சான்று. லெவல் 3-க்கு இரண்டாம் உலகப்போர் கால ஜெர்மன் ராக்கெட்டான வி-2-வின் ஸ்கேல் மாடல் என்று முடிவு பண்ணியாச்சு. நிஜ வி-2-வின் உயரம் 14.03 மீட்டர், குறுக்களவு 1.65 மீட்டர், ஒரு ஃபின் (வால் இறக்கை) முனையிலிருந்து எதிர் முனைக்கு 3.56 மீட்டர். ஆறால் வகுத்தால் உயரம் 2.34 மீ., குறுக்களவு 275 மி.மீ., ஃபின் அகலம் 593 மி.மீ. மோட்டார் ஏரோடெக் கம்பெனியின் எம்1297 (எம் என்பது மோட்டாரின் மொத்த உந்துதலைக் குறிக்கும் வகுப்பு எழுத்து), 75 மி.மீ. கூடு. ஓப்பன்ராக்கெட் சிமுலேஷன் மென்பொருளில், மூக்கில் வைக்கும் முன்னெடை இல்லாமல் மோட்டாரோடு 17 கிலோ காட்டுகிறது.

சிக்கிக்கொண்ட இடங்கள்:

மூக்கில் எவ்வளவு எடை வைப்பது? சிமுலேஷனில் ராக்கெட் நிலையாகவே இல்லை.

275 மி.மீ.க்குக் குழாய் கடையில் கிடைக்காது. உடம்பு முழுக்க வளைவு வேறு. எப்படிக் கட்டுவது?

வால் குறுகிப் போவதால் பின்பக்கம் பாராசூட் அறை வைக்க இடமில்லை. இரண்டு பாராசூட்டையும் எங்கே வைப்பது?

வழிகாட்டித் தண்டவாளத்தில் இந்த வளைந்த உடம்பை எப்படி மாட்டுவது?

---

ஈயக்குண்டு:

முதலில் உந்துவிசைக் கணக்கு. எம்1297 என்றால் சராசரி 1297 நியூட்டன். எடையைப்போல ஐந்து மடங்கு உந்துவிசை வேண்டும் என்பது வழக்கமான அளவுகோல். 1297-ஐ 5-ஆலும் 9.8-ஆலும் வகுத்தால் 26 கிலோ சொச்சம். அதுதான் உச்சவரம்பு. 22 கிலோவுக்குள் நிறுத்திவிட்டால் மூச்சுவிட இடம் இருக்கும்.

இப்போது நிலைத்தன்மை. வி-2 பார்க்கக் கம்பீரமாக இருக்கும், மாடலாகச் செய்தால் மகா பிடிவாதம். காரணம் குறுகும் வால். காற்றழுத்த மையத்தைக் கண்டுபிடிக்கும் பாரோமன் கணக்கில், பக்கவாட்டு விசைக்கு மூக்குக்கூம்பு கொடுக்கும் எண் 2. பின்னால் உடம்பு குறுகும் இடம் கொடுப்பது எதிர்மறை எண். அது வாலில் உட்கார்ந்துகொண்டு காற்றழுத்த மையத்தை, அதாவது சி.பி.யை, முன்னுக்குத் தள்ளும். ஃபின்கள் சம்பாதித்துக் கொடுப்பதில் ஒரு பங்கை வால் தின்றுவிடுகிறது. நீங்கள் கொடுத்த அளவுகளுக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டால் சி.பி. நுனியிலிருந்து 1.5 மீட்டரில் வருகிறது. முன்னெடை இல்லாத ராக்கெட்டின் எடை மையம், சி.ஜி., மோட்டார் ஏற்றியபின் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் இருக்கும். அதனால்தான் சிமுலேஷன் சிவப்பு காட்டுகிறது.

சி.ஜி. சி.பி.க்கு ஒரு குறுக்களவு முன்னால் இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு குறுக்களவு 27.5 செ.மீ., ஆக சி.ஜி. 1.23 மீட்டருக்கு வர வேண்டும். 17 கிலோவின் மையம் 1.48-இல் இருக்கிறது, ஈயத்தை நுனியிலிருந்து 15 செ.மீ.யில் வைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டால் தேவை 3.9 கிலோ. நாலு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். புறப்படும் எடை 21 கிலோ.

இதிலிருந்து ஒரு விதி வருகிறது, பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: வாலில் ஒரு கிலோ கூடினால் மூக்கில் 800 கிராம் கூட வேண்டும். ஃபின் அடியில் எபாக்சியை வாரி அப்புகிற கை இந்த மாடலுக்கு ஆகாது. வாலில் 500 கிராம் எபாக்சி அதிகமானால் ராக்கெட்டில் 900 கிராம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

குட்டையான தடித்த ராக்கெட்டுகளுக்கு அடிப்பக்க இழுவையைக் கணக்கில் சேர்த்துச் சி.பி.யைப் பின்னுக்குக் காட்டும் குறுக்குவழி ஒன்று உண்டு. பின்னால் எடையில்லாத கூம்பு ஒன்றைச் சேர்ப்பார்கள். இந்த மாடலுக்கு அதை நம்பி ஈயத்தைக் குறைக்காதீர்கள். வால் குறுகிவிட்டதால் அடிப்பக்கமே சிறிசு, கிடைக்கும் உதவியும் சிறிசு.

கடைசியில் கணினி சொல்வது எப்படி இருந்தாலும், மோட்டார், பாராசூட், பேட்டரி எல்லாம் ஏற்றி, இடுப்பில் கயிறு கட்டித் தொங்கவிட்டு சி.ஜி.யைப் பாருங்கள். அந்த இடத்தில் ஒரு ஸ்டிக்கர், சி.பி. இடத்தில் இன்னொரு ஸ்டிக்கர். மைதானப் பாதுகாப்பு அதிகாரி முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான்.

உயரம் 1,100 மீட்டர் பக்கம் போகும், உச்ச வேகம் நொடிக்கு 175 மீட்டர் சுமார். ஒலிவேகத்தில் பாதி. அதனால் ஃபின் படபடத்துப் பிய்வது பற்றிய கவலை வேண்டாம்.

---

உப்புத்தாள்:

உடம்பு பற்றி நான் சொல்கிறேன்.

குழாய் தேடாதீர்கள். நடுவில் 150 மி.மீ. குழாய் ஒன்று முதுகெலும்பு. அதன்மேல் 50 மி.மீ. தடிமன் எக்ஸ்.பி.எஸ். நுரைப்பலகையை வட்டு வட்டாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு, வடை கோத்ததுபோல் கோத்து ஒட்டுங்கள். முழு நீளத்துக்கு 47 வட்டு வரும். இரண்டு ஓரத்திலும், உடம்பு பிரியும் இடத்திலும், ஃபின் தொடங்கும் இடத்திலும் 6 மி.மீ. பிர்ச் ப்ளைவுட் வளையம். இந்த வளையங்கள்தான் பிறகு தேய்க்கும்போது அளவுகோல். வெளி விளிம்பை ஸ்கேலுக்குச் சரியாக வெட்டிவிட்டால் உப்புத்தாள் அதற்குமேல் கீழே போகாது.

இங்கே எல்லாரும் செய்கிற தப்பு, வட்டின் முகம் முழுக்கப் பசை தடவுவது. காய்ந்த எபாக்சி நுரையைவிடப் பல மடங்கு கெட்டி. தேய்க்கும்போது நுரை இறங்கும், பசைக்கோடு இறங்காது. 5 செ.மீ.க்கு ஒரு வரம்பு வயல்போல நிற்கும். அதைச் சமன்படுத்த அழுத்தினால் பக்கத்து நுரை பள்ளமாகும். பட்டி போட்டு நிரப்பினால் எடை. ஆகவே பசையை உள்வட்டத்தில் மட்டும் தடவுங்கள், விளிம்பிலிருந்து 15 மி.மீ. உலர்ந்தே இருக்கட்டும்.

தேய்க்க: 60-ஆம் நம்பர் உப்புத்தாளை நீளப் பலகையில் ஒட்டி, குழாயை அச்சாக வைத்துச் சுற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். கையால் தேய்த்தால் விரல் பட்ட இடமெல்லாம் குழி. வளைவின் வடிவத்தை ஹார்ட்போர்டில் வெட்டி வைத்துக்கொண்டு அடிக்கடி பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பின்னாலிருந்து டார்ச் அடித்தால் மேடு பள்ளம் வெளிச்சத்தில் தெரியும்.

மேலே 200 கிராம் கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு. கடைசியில் பீல்-ப்ளை (பிறகு உரித்தெடுக்கும் துணி) போட்டு அதிகப்படி பிசினை உறிஞ்சி எடுத்தால் தோலின் எடை 1.2 கிலோவுக்குள் முடியும். நுரை மொத்தமும் 2 கிலோவுக்குள்தான்.

பாலியஸ்டர் பிசின் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். அதிலுள்ள ஸ்டைரீன் எக்ஸ்.பி.எஸ். நுரையைக் கரைத்துவிடும், ராத்திரி ஒட்டிவிட்டுப் போனால் காலையில் ஓடு மட்டும் இருக்கும். எபாக்சி மட்டுமே. ஸ்ப்ரே பெயின்ட்டும் அப்படித்தான், தோலில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கரைப்பான் உள்ளே போய் நுரையை அரித்துவிடும். முதலில் எபாக்சி கலந்த மெல்லிய பூச்சு ஒன்று, பிறகுதான் பிரைமர்.

150 மி.மீ. குழாயை நுனிவரை கொண்டுபோக முடியாது. மூக்கின் வளைவு போதுமான அளவு பருத்த பிறகுதான் அது உள்ளே அடங்கும். வாலிலும் அதே கதை. குறுகும் பகுதி தொடங்கியதும் பெரிய குழாயை நிறுத்திவிட்டு, 75 மி.மீ. மோட்டார் குழாயும் ப்ளைவுட் வளையங்களும் மட்டும் தொடரட்டும். கடைசி வளையம் 12 மி.மீ., மற்றவை 6 போதும்.

ஃபின்: 6 மி.மீ. ப்ளைவுட் நடுத்தகடு, இரண்டு பக்கமும் நுரை வைத்து வடிவம் தேய்த்து ஒரு அடுக்கு இழைத்துணி. நடுத்தகட்டின் வேர் உடம்பைத் துளைத்து மோட்டார் குழாய்வரை போய் ஒட்ட வேண்டும். வெளிநார் வேரிலிருந்து முனைக்கு ஓடும்படி வெட்டுங்கள். குறுக்கே ஓடினால் முதல் இறக்கத்திலேயே முறியும். வேர்ப்பக்கம் 30 மி.மீ. ஓட்டைகள் போட்டு எடை குறைக்கலாம், முனைப்பக்கம் கை வைக்காதீர்கள். காரணம், வி-2-வில் ஃபின் முனைகள் உடம்பின் அடியைத் தாண்டிக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். தரையை முதலில் தொடுவது அவைதான்.

இப்போது ஈயம். இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். நாலு கிலோ ரவையையும் எபாக்சியையும் ஒரே தடவையில் மூக்கில் கொட்டினால் எபாக்சி இறுகும் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போகும். சுற்றியுள்ள நுரை சுருங்கி, வெளித்தோல் குழிந்துவிடும். மெதுவாக இறுகும் ஹார்ட்னர் எடுங்கள். 500 கிராம் ரவைக்கு, நனையும் அளவு மட்டும் எபாக்சி. கொட்டும்போது மூக்கு நுனி கீழாக, தண்ணீர் வாளியில் நிற்கட்டும். ஒரு தவணை இறுகி ஆறியபின் அடுத்தது. ஊற்றுவதற்கு முன்பே 6 மி.மீ. மரையாணிக் கம்பி ஒன்றைக் குறுக்காகவும் ஒன்றை நெடுக்காகவும் உள்ளே விட்டுவிடுங்கள். ஈயக்கட்டி எபாக்சியின் பிடிப்பை மட்டும் நம்பி நின்றால், பாராசூட் விரியும் உதறலில் கழன்று பின்னோக்கிப் பாயும். நாலு கிலோ சுத்தியல் அது.

நாலு கிலோ ரவைக்கு 0.6 லிட்டர் இடம் போதும், நுனியிலிருந்து 20, 22 செ.மீ.க்குள் அடங்கிவிடும்.

---

தெற்குவாசல்:

அண்ணே, பசைக்கோடு விஷயம் தெரியாமல் முகம் முழுக்கத் தடவியிருப்பேன். கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிப்பதில் ஏதாவது பார்க்க வேண்டுமா?

---

உப்புத்தாள்:

கறுப்பு வெயிலில் சுடும். தோலுக்கும் நுரைக்கும் நடுவில் காற்றுக்குமிழ் இருந்தால் கறுப்புக் கட்டத்தில் மட்டும் கொப்புளம் கிளம்பும். பெயின்ட் அடிக்குமுன் உடம்பு முழுக்க நாணயத்தால் தட்டிக் கேளுங்கள், குமிழ் இருக்கும் இடம் பொத்தென்று கேட்கும். சின்ன ஓட்டை போட்டு ஊசியால் எபாக்சி ஏற்றிவிடலாம். டெக்சாஸ் வெயிலில் ராக்கெட்டைத் துணி போர்த்தி வையுங்கள்.

எந்த வி-2 என்று முதலிலேயே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1942 அக்டோபர் 3 அன்று பீனமுண்டேயில் முதலில் வெற்றிகரமாகப் போனதன் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று, போருக்குப்பின் நியூ மெக்சிகோவின் வைட் சாண்ட்ஸில் அமெரிக்கர்கள் பறக்கவிட்டவை வேறு. மிட்டல்பாவ்-டோரா நாஜி முகாமின் கைதிகளைப் பிழிந்து செய்த ஆயுதத்தின் நிறம் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு வைட் சாண்ட்ஸ் பக்கம் நல்ல தேர்வு இருக்கிறது. 1946 அக்டோபர் 24-இல் விண்வெளியிலிருந்து பூமியை முதன்முதலில் படம் எடுத்தது அங்கே போன 13-ஆம் எண் வி-2. எதை எடுத்தாலும் அந்த ஒரே ராக்கெட்டின் படங்களை வைத்தே கட்டங்களைக் குறியுங்கள், இரண்டைக் கலந்தால் ஸ்கேல் தெரிந்தவர் கண்ணில் உடனே படும்.

---

கருமருந்து:

பாராசூட் அறைக்கு வருவோம். வாலில் இடமில்லை, சரி. மூக்கில் இருக்கிறதே.

ஏற்பாடு இப்படி. மூக்கும் உடம்பும் சேரும் இடத்தில் மின்னணு அறை, நீளம் 20 செ.மீ. அதற்குக் கீழே, உடம்பின் 150 மி.மீ. குழாயில் ட்ரோக் (உச்சியில் முதலில் விரியும் சின்னப் பாராசூட்) அறை, 30 செ.மீ. அதற்கு மேலே, மூக்குக்குள் ஓடும் குழாயில் மெயின் (பெரிய பாராசூட்) அறை, 45 செ.மீ. உச்சியில் மின்னணு அறையும் மூக்கும் சேர்ந்து உடம்பிலிருந்து பிரியும், ட்ரோக் வெளிவரும். 250 மீட்டரில் மூக்கு மின்னணு அறையிலிருந்து கழலும், மெயின் வெளிவரும். வால் பக்கம் எதையும் தொட வேண்டியதில்லை.

அளவுகள்: எரிபொருள் 2.7 கிலோ போனபின் இறங்கும் எடை 18.3 கிலோ. நொடிக்கு 5.5 மீட்டரில் இறங்க, இழுவைக் குணகம் 1.5 உள்ள பாராசூட்டுக்கு 2.9 மீட்டர் குறுக்களவு. நடுவில் உள்ளிழுத்த வளைய வடிவப் பாராசூட், குணகம் 2.2 என்றால் 2.4 மீட்டர் போதும், மடித்தாலும் சிறிசாகும். ட்ரோக் 60, 65 செ.மீ., நொடிக்கு 25 மீட்டரில் இறக்கும். உச்சியிலிருந்து தரைக்கு மொத்தம் 80 நொடி சுமார். நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் 400 மீட்டர் தள்ளி விழும்.

5.5 மீட்டர் வேகம் என்றால் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து ராக்கெட்டைக் கீழே போடுவதற்குச் சமம். அதுவும் ஃபின் முனையில். உப்புத்தாள் அண்ணன் சொன்ன முனைகள் தாங்காது என்று பயமிருந்தால் 4.5-க்குக் குறையுங்கள், அது ஒரு மீட்டர் உயரம். பாராசூட் பரப்பு ஒன்றரை மடங்காகும் என்பதை அறை நீளத்தில் கணக்கு வையுங்கள்.

பாராசூட்டை வெளியே தள்ளும் கருமருந்து: 4எஃப், மிக நைசான தூள். கிராம் = 0.0046 × அழுத்தம் கிலோபாஸ்கலில் × அறையின் கொள்ளளவு லிட்டரில். 70 கிலோபாஸ்கலுக்கு வைத்தால் ட்ரோக் அறை 5.3 லிட்டருக்கு 1.7 கிராம், மெயின் அறை 8 லிட்டருக்கு 2.6 கிராம். 150 மி.மீ. தட்டின்மேல் அது 1,240 நியூட்டன் தள்ளும். 275 மி.மீ. முழு அகலத்துக்கும் அழுத்தம் போகும்படி கட்டியிருந்தால் அதே அழுத்தம் 4,000 நியூட்டனைத் தாண்டியிருக்கும், மருந்தும் கூடத் தேவை. உள்குழாயின் லாபமே இதுதான். ஆனால் குழாயின் வாய் நுரைப்பக்கம் கசியாமல் வளையத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். கசிந்தால் கணக்கெல்லாம் வீண்.

நைலான் ஷியர் பின், அதாவது இணைப்பைப் பிடித்து வைத்து மருந்து வெடிக்கும்போது உடையும் ஆணி: 4-40 மரை. ஒன்று உடைய 200 முதல் 300 நியூட்டன் ஆகும். மெயின் இணைப்பில் மூன்று, ட்ரோக் இணைப்பில் இரண்டு. மெயினில் ஏன் அதிகம் என்றால், ட்ரோக் விரிந்து உதறும்போது ஈயம் வைத்த மூக்கு தன் எடையாலேயே கழன்றுபோகப் பார்க்கும். கழன்றால் 1,100 மீட்டரிலேயே மெயின் விரிந்து ராக்கெட் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்விடும்.

இதே விளைவுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது, பல பேர் கவனிப்பதில்லை. அறையை மூடும்போது உள்ளே இருப்பது தரைமட்டக் காற்று. 1,100 மீட்டர் மேலே வெளி அழுத்தம் 12 கிலோபாஸ்கல் குறைந்திருக்கும். காற்றுப் போக வழியில்லாவிட்டால் அந்த வித்தியாசமே 150 மி.மீ. தட்டின்மேல் 210 நியூட்டன் தள்ளும். ஒரு பின் உடையும் அளவு அது. ஒவ்வொரு பாராசூட் அறையிலும் 3 மி.மீ. துளை ஒன்று போட்டால் தீர்ந்தது. மருந்து வெடிக்கும் கணநேரத்தில் அந்தத் துளை வழியாகப் போவது பொருட்டே இல்லை.

லெவல் 3-க்கு இரண்டு தனித்தனி ஆல்டிமீட்டர் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் பார்த்து மருந்தை வெடிக்கவைக்கும் கருவி) கட்டாயம். தனித்தனி என்றால் பேட்டரி, சுவிட்ச், மருந்தைப் பற்றவைக்கும் மின் தீக்குச்சி, மருந்து எல்லாமே தனி. பெர்ஃபெக்ட்ஃப்ளைட் ஒன்று, மிசைல் வொர்க்ஸ் ஒன்று என்று இரு கம்பெனி வைத்தால் ஒரே மென்பொருள் கோளாறு இரண்டையும் சாய்க்காது. இரண்டாவது உச்சியில் ஒன்றரை நொடி தாமதம், மெயினுக்கு 200 மீட்டர். அதன் மருந்து முதலாவதைவிடக் கால்பங்கு அதிகம். முதல் மருந்து பின்னை உடைக்கவில்லை என்றால் அதே அளவு மறுபடி வெடித்து என்ன பயன்?

அழுத்தத் துளைகள்தான் வி-2-வில் தலைவலி. ஆல்டிமீட்டர் வெளிக்காற்றின் அசல் அழுத்தத்தைப் படிக்க, துளை நேரான உருளைப் பகுதியில், மூக்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். வி-2-வில் நேரான பகுதியே பேருக்குத்தான். வளைவில் காற்று வேகமெடுத்து ஓடும் இடத்தில் அழுத்தம் குறைவாகக் காட்டும். ஆகவே துளைகளை உடம்பு அதிகபட்சம் பருத்த இடத்தில், 90 பாகைக்கு ஒன்றாக நாலு போடுங்கள், பக்கக்காற்றின் கோளாறு சராசரியாகிவிடும். மின்னணு அறை 3.5 லிட்டர் என்றால் ஒவ்வொரு துளையும் 4.5 மி.மீ. துளை விளிம்பில் பெயின்ட் பிசிறு நிற்கக் கூடாது, நேர் மேலே எந்தப் புடைப்பும் ஸ்க்ரூத் தலையும் கூடாது. துளையிலிருந்து உள்குழாய்வரை நுரையைக் கடந்து போக அலுமினியக் குழாய்த் துண்டு ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் அறை நுரையின் இடுக்குகளைத்தான் படிக்கும்.

கயிறு: 12 மி.மீ. குழல் கெவ்லார், ட்ரோக்குக்கு 10 மீட்டர், மெயினுக்கு 8. முடிச்சுப் போடாமல் கண்ணித் தைத்தது வாங்குங்கள், முடிச்சு வலுவைப் பாதியாக்கும். கம்பியை வளைத்த சாதா கண் ஆணி இழுத்தால் வாய் பிளக்கும். யூ-போல்ட் அல்லது வார்த்த கண் ஆணி மட்டும். 9 வோல்ட் பேட்டரியின் தொப்பியை ஜிப்-டை போட்டு இறுக்குங்கள்.

---

காற்றாடி:

கருமருந்து சொல்வது சரி, ஆனால் இரண்டு பிரிவு எதற்கு? உச்சியில் ஒரே இடத்தில் பிரித்து ட்ரோக்கையும் மெயினையும் ஒன்றாக வெளியே தள்ளி, மெயினை மட்டும் கட்டி வைத்து 250 மீட்டரில் கட்டை அறுக்கும் கேபிள் கட்டர் வைத்து அவிழ்க்கலாமே. மூக்கு நீளம் முழுக்க ஈயத்துக்கே கிடைக்கும். வி-2 கட்டுகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

---

கருமருந்து:

செய்யலாம். ஆனால் கட்டரும் இரட்டையாக வேண்டும், அதற்கு ஒயர் கயிற்றோடு சேர்ந்து வெளியே போக வேண்டும். உச்சிப் பிரிவின் உதறலில் ஒயர் அறுவது இந்த முறையின் நிரந்தர வியாதி. மூடிய அறைக்குள் இருக்கும் மருந்துக்கு அந்த ஆபத்து இல்லை. 21 கிலோவுக்கு என் ஓட்டு இரண்டு பிரிவுக்கே. மூக்கில் ஈயத்துக்கு 22 செ.மீ. போதும் என்று மேலே கணக்கு வந்துவிட்டதால் இடப்பற்றாக்குறையும் கிடையாது.

எதைத் தேர்ந்தாலும் தரைச் சோதனை: பாராசூட் முழுதாக மடித்து, பின் போட்டு, தீ தாங்கும் நோமெக்ஸ் துணி சுற்றி, தூரத்திலிருந்து ஒயர் இழுத்து வெடிக்க வைத்துப் பாருங்கள். மூக்கு இரண்டு மூன்று மீட்டராவது தள்ளிப் போக வேண்டும், கயிறு பாதியாவது வெளியே வர வேண்டும். பின் உடைந்து மூக்கு அங்கேயே படுத்துக்கொண்டால் அரை கிராம் கூட்டி மறுபடி. வெறும் அறையில் சோதித்தால் அந்தச் சோதனைக்கு மதிப்பில்லை.

---

திருச்சி மாணவன்:

சார், நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். இதைத் தமிழ்நாட்டில் சின்ன அளவில் செய்ய முடியுமா? இன்னொன்று, நிலவுக்குப் போன சாட்டர்ன் 5-ஐ மாடலாகச் செய்தவர் யாராவது உண்டா?

---

ஈயக்குண்டு:

தம்பி, எரிபொருளை வீட்டில் கலப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். இந்தியாவில் 1884-ஆம் வருட வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் இருக்கின்றன, உரிமம் இல்லாமல் தயாரிப்பது குற்றம். விரல் போவது தனிக்கணக்கு. ஓப்பன்ராக்கெட் இலவசம், தண்ணீர் ராக்கெட்டிலேயே சி.ஜி., சி.பி., பாராசூட் மூன்றையும் கற்றுக்கொள்ளலாம். கல்லூரிக் குழுவாக முறையான அனுமதியோடு செய்வது வேறு வழி.

சாட்டர்ன் 5: ஸ்டீவ் ஈவ்ஸ், 2009 ஏப்ரல் 25, மேரிலாந்து. சரியாகப் பத்தில் ஒரு பங்கு, 36 அடி உயரம், 1,648 பவுண்டு. நடுவில் ஒரு பி மோட்டார், சுற்றி எட்டு என் மோட்டார். 4,441 அடி போய் பாராசூட்டில் பத்திரமாக நின்றபடியே இறங்கியது.

---

தெற்குவாசல்:

தண்டவாளக் கேள்வி மட்டும் பாக்கி. 1515 தண்டவாளம் (ஒன்றரை அங்குல அலுமினியச் சட்டம்), 3.6 மீட்டர் கிடைக்கும்.

---

ஈயக்குண்டு:

1515 சரி. 1010, அதாவது ஒரு அங்குலச் சட்டம், இந்த எடைக்கு வளையும்.

தண்டவாளம் இரண்டு ஃபின்களுக்கு நடுவில், 45 பாகையில் வரட்டும். உடம்பின் பருத்த இடத்தை உரசாமல் போக, மேல் வழிகாட்டியும் கீழ் வழிகாட்டியும் ஒரே நேர்க்கோட்டில் வெளியே நிற்க வேண்டும். பருத்த இடத்தில் 12 மி.மீ. உயரம் போதும். வாலில் உடம்பு உள்ளே போய்விட்டதால் அங்கே நாலைந்து மடங்கு உயரமான தூண் வேண்டும். பட்டன் ஆணியை நீளமாகப் போட்டுச் சமாளிக்காதீர்கள், 21 கிலோ ராக்கெட் காற்றில் சாயும்போது நீள ஆணி நெளியும். 12 மி.மீ. ப்ளைவுட்டில் மீன் வடிவில் தூண் வெட்டி, வளையத்தில் நேராகப் பதியும்படி ஒட்டி, அதன் தலையில் வழிகாட்டியை வையுங்கள். ஸ்கேல் தோற்றம் கெடுமே என்றால், மரையால் கழற்றும்படி செய்யலாம், காட்சிக்கு வைக்கும்போது கழற்றிவிடுங்கள்.

3.6 மீட்டர் தண்டவாளம் என்றால் 3.6 மீட்டரும் வேலை செய்யும் என்று கணக்குப் போடக் கூடாது. மேல் வழிகாட்டி வெளியேறிய நொடியே ராக்கெட் ஆடத் தொடங்கலாம். மேல் வழிகாட்டி தண்டவாளத்தின் அடியிலிருந்து 1.3 மீட்டரில் நிற்கிறது என்றால் உதவும் நீளம் 2.3 மீட்டர். முதல் முடுக்கம் நொடிக்கு நொடி 52 மீட்டர் என்று வைத்தால் வெளியேறும் வேகம் 15.5. குறைந்தபட்சம் 15 என்பார்கள். கரணம் தப்பாமல் தாண்டுகிறீர்கள், அவ்வளவுதான். இரண்டு கிலோ எடை கூடினாலே 15-க்குக் கீழே இறங்கிவிடும். 4.5 மீட்டர் தண்டவாளம் கிடைத்தால் விடாதீர்கள்.

காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் இருந்தால் விதிப்படியே ஏவக் கூடாது. இந்த மாடலுக்கு 10 மைலில் நிறுத்திக்கொள்ளுங்கள். அகலமான ஃபின், மெதுவான புறப்பாடு, காற்றை நோக்கித் திரும்பிச் சாய்வது நிச்சயம்.

காகித வேலை: ட்ரிப்போலி என்றால் டேப் எனும் தொழில்நுட்ப ஆலோசனைக் குழுவினர் இருவர் வரைபடக் கட்டத்திலேயே பார்க்க வேண்டும். நுரை வெட்டுமுன் அவர்களிடம் காட்டுங்கள், ஒட்டியபின் மூடிய பகுதியைப் பார்க்க முடியாது. ஒவ்வொரு கட்டமும் ஸ்கேலோடு சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். வான்வெளி அனுமதி கிளப் வாங்கியிருக்கும், அதன் உயர வரம்பை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

களத்தில்: எம் மோட்டாருக்கு ஆட்கள் 500 அடி தள்ளி. மோட்டார் பூட்டும்போது ஓ-ரிங்கில் மணல் ஒரு பருக்கை ஒட்டினாலும் சூடான வாயு அந்த வழியே பாய்ந்து கூட்டைத் துளைக்கும், துணி விரித்துத்தான் பூட்ட வேண்டும். ராக்கெட் நிமிர்ந்தபின் ஆல்டிமீட்டர்களை ஒவ்வொன்றாக எழுப்பி, ட்ரோக், மெயின் இரண்டுக்கும் பீப் எண்ணிக்கை சரியா என்று கேளுங்கள். காற்று அடிக்கிறது, கேட்கவில்லை என்று விட்டுவிட வேண்டாம், காதைத் துளையருகே வையுங்கள். அதற்குப் பிறகுதான் மோட்டாரைப் பற்றவைக்கும் இக்னைட்டர். குச்சியில் கட்டி, எரிபொருளின் மேல் முனையில் முட்டும்வரை தள்ள வேண்டும். பாதியில் நின்றால் மோட்டார் விட்டு விட்டுத் தும்மும், தும்மும் மோட்டார் தண்டவாளத்தை விட்டு மெதுவாகக் கிளம்பும்.

---

தெற்குவாசல்:

பட்டனை அழுத்தி ஒன்றும் நடக்கவில்லை என்றால்?

---

ஈயக்குண்டு:

ஏவு பெட்டியின் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள், 60 நொடி யாரும் நகரக் கூடாது. பிறகு ஒரே ஆள் போய் முதலில் இக்னைட்டரை உருவ வேண்டும், அதற்குப் பிறகு ஆல்டிமீட்டர்களை அணைக்க வேண்டும், கடைசியாகத்தான் தண்டவாளத்தைச் சாய்ப்பது. ஆல்டிமீட்டர் விழித்திருக்கும்போது படுக்க வைத்தால் மூக்கில் இருப்பது நாலு கிலோ ஈயம், எதிரே நிற்பது நீங்கள்.